எங்கட ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் இருப்பது யார்?

ஏ.எல்.இல் கலைப்பிரிவு எடுத்த அன்றே எங்களுக்குத் தீர்ப்பு எழுதியாச்சு. "ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யப் போறாய்?" திருகோணமலையில் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், சோறு வர முதல் இந்தக் கேள்வி வந்துவிடும். அதற்கு நாங்களும் பதிலுக்கு ஒன்று பிடித்து வைத்திருக்கிறோம்: "கொம்பியூட்டர் படிச்சவனுக்குச் சம்பளம் தெரியும், புத்தகம் தெரியாது." டச்பே கடற்கரையில் கச்சான் கொறித்தபடி இதைச் சொல்லி எத்தனை தரம் சிரித்திருப்போம்!

அது பொய். எங்களுக்கு வசதியான பொய்.

சுஜாதாவை எடுங்கள். இலத்திரனியல் பொறியியலாளர். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை. இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கும் பங்குண்டு. அதே மனிசன்தான் ஆனந்த விகடனில் 'கற்றதும் பெற்றதும்' எழுதினார். வாசித்த புத்தகம், அறிவியல், சந்தித்த மனிதர், சொந்த வாழ்க்கை எல்லாம் ஒரே பத்தியில். அவருடைய கதைகளைப் பற்றி எங்களுக்கும் ஆயிரம் சண்டை இருக்கிறது. ஆனால் வேலையும் வாசிப்பும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியாது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

"அவர் விதிவிலக்கு" என்பீர்கள். சரி, நூலகம் இணையத்தளம்? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வருடி, எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைத்தது. கணினி தெரிந்த தன்னார்வலர்கள் இல்லாமல் அது நடந்திருக்குமா? எங்கட ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகள் பாதி அங்கிருந்துதான் வருகின்றன. இரவில் அதைத் தரவிறக்கிவிட்டு, பகலில் "அவங்களுக்கு இலக்கியம் தெரியாது" என்கிறோம். வெட்கமாயில்லையா?

எங்களோடு படித்த ஒருத்தன் இப்போது கொழும்பில் மென்பொருள் பொறியியலாளர். போன லீவில் சொன்னான்: "இன்னொருத்தர் எழுதின கோட்டைத் திருத்துறதும் வாசிப்புத்தான் மச்சான். அவர் என்ன நினைச்சு எழுதினார் எண்டு விளங்காமல் கை வைக்க ஏலாது." இதே விசயத்தை எங்களுக்கு விமர்சன வகுப்பில் ஒரு தவணை முழுக்கப் படிப்பித்தார்கள்.

ஆனால் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவன் ஒரு நாவலையும் முடிக்கவில்லை. அமெரிக்காவில் விடியும்போது இவனுக்கு மீட்டிங். அவனிடம் இல்லாதது ரசனை இல்லை, நேரம். கோபப்பட வேண்டியது அந்த நேரத்தைத் தின்னும் வேலைமுறையோடு. பதினாறு வயதுப் பிள்ளையைப் பிடித்து "நீ கணக்கு, நீ கதை" என்று பிரித்துவிடுகிற படிப்போடு. அவனோடு இல்லை.

எங்கட வாசிப்பு வட்டம் கூடுவது புதன்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு. வேலைக்குப் போகிற எவன் வருவான்? முதலில் அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுவோம். பிறகு யார் வாசிக்கிறார்கள், யார் வாசிக்கவில்லை என்று கதைப்போம்.