ஆழாக்கும் தில்லிக் குளிரும்

இரவில் அரைத்து வைத்து, காலையில் இட்லி வார்க்க வேண்டும். சமையல் புத்தகங்களில் இதைவிடச் சாதாரணமான குறிப்பு கிடையாது. சென்னையில் ஆண்டு முழுவதும் இது ஏறக்குறைய பலிக்கும். தில்லியில் ஜனவரி மாதத்தில் பலிக்காது. இரவு வெப்பம் 7 டிகிரியை ஒட்டி இறங்கும் ஊரில், காலை எட்டு மணிக்கு மூடியைத் திறந்தால் மாவு வைத்த இடத்தில் வைத்தபடியே கிடக்கும். அதே குறிப்பை ஜூனில் நம்பினால் விடிவதற்குள் பொங்கி வழிந்து புளித்திருக்கும்.

உளுந்தும் அரிசியும் சேர்ந்த மாவைப் பொங்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். 25 முதல் 30 டிகிரிவரை வெப்பம் இருந்தால் அவை சுறுசுறுப்பாக வேலை செய்யும். வெப்பம் குறைந்தால் வேலையும் மந்தமாகும். குறிப்பை எழுதியவர் இதைச் சொல்லவில்லை. அவர் ஊரில் சொல்லத் தேவை இருக்கவில்லை. எந்தச் சமையல் குறிப்பிலும் எழுதப்படாத முதல் பொருள், எழுதியவரின் ஊர்தான்.

தில்லித் தமிழர் வீடுகளுக்கு இது நன்றாகத் தெரியும். அரசு வேலையும் அலுவலக மாற்றலும் கரோல்பாக்குக்கும் ராமகிருஷ்ணபுரத்துக்கும் கொண்டுவந்து சேர்த்த குடும்பங்களில், அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இல்லாமலேயே பல பெண்கள் அடுப்பைப் பற்ற வைத்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் துணையாக இருந்த புத்தகம் 1951இல் வெளிவந்த 'சமைத்துப் பார்'. எழுதியவர் சென்னையைச் சேர்ந்த எஸ். மீனாட்சி அம்மாள், இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். சமையலில் அவருக்கு இருந்த தேர்ச்சி உறவினர்களுக்குத் தெரியும். பக்குவம் கேட்டுக் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. இவற்றையெல்லாம் புத்தகமாக எழுதிவிடலாமே என்று யோசனை சொன்னவர் அவருடைய மாமா, வழக்கறிஞர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர்.

'கண்ணளவு', 'கையளவு' என்று நாவிலேயே வாழ்ந்த ஒரு கலைக்கு மீனாட்சி அம்மாள் அளவு கொடுத்தார். ஒன்றும் தெரியாதவர் படித்துச் செய்ய முடியும் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் பெருமை. ஆனால் அந்த அளவுகளுக்கே சோதனை வந்தது. அவர் எழுதியது ஆழாக்கும் பலமும் புழங்கிய காலம். எட்டு ஆழாக்கு ஒரு படி என்ற கணக்கு எங்கும் ஒன்றுதான் என்றாலும் படி ஊருக்கு ஊர் வேறு. 1956இல் எடை, அளவைச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கிராமும் லிட்டரும் கடைக்குள் நுழைந்தன. சேரும் சடாக்கும் பேசிய தில்லிக் கடைக்காரரிடம் ஆழாக்கு என்று கேட்டுப் பயனில்லை. வீட்டில் இருந்த ஒரு டம்ளரே ஆழாக்காக நியமனம் பெற்றது. அந்த டம்ளர் நசுங்கினால் சாம்பாரின் ருசி மாறும்.

மற்ற வித்தியாசங்கள் இவ்வளவு வெளிப்படையானவை அல்ல. நிலத்தடி நீர் வரும் காலனிகளில் துவரம்பருப்பு எளிதில் குழையாது. நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்சுவரை இறுக்கிவிடும். டப்பாவில் வரும் பெருங்காயத் தூள், மாவும் கோந்தும் சேர்ந்த கலவை; சேர்க்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 'கால் ஸ்பூன்' என்ற சொல் ஒன்றுதான், மணம் ஒன்றல்ல. ஒரு புத்தகம் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்கிறது. பத்திரிகையின் இலவச இணைப்பு மூன்றுக்கு ஒன்று என்கிறது. யூடியூபில் ஒருவர் ஐந்துக்கு ஒன்று என்கிறார். மூவரும் பொய் சொல்லவில்லை. கிரைண்டரில் அரைத்த புது உளுந்து காணும் மாவும், மிக்ஸியில் சூடேறிய பழைய உளுந்து காணும் மாவும் ஒன்றாக இருக்காது. மூவரும் தத்தம் வீட்டைச் சொல்கிறார்கள்.

இதே சிக்கலை எதிர்த் திசையில் கடந்தவர் மதுர் ஜாஃப்ரி. 1933இல் தில்லியில் பிறந்தவர். ஐம்பதுகளில் நடிப்புப் பயில லண்டனில் உள்ள ராயல் அகாடமி ஆஃப் டிராமாட்டிக் ஆர்ட்டுக்குப் போனபோது அவருக்குச் சமைக்கத் தெரியாது. அங்கே கிடைத்த சாப்பாடு பிடிக்காமல், தில்லியில் இருந்த தாயாருக்கு எழுதினார். பக்குவங்கள் விமானத் தபாலில் வந்தன. அப்படித் தொடங்கிய சமையல், 1973இல் 'ஆன் இன்விடேஷன் டு இண்டியன் குக்கிங்' என்ற புத்தகம்வரை போனது.

சென்னையிலும் சரி, தில்லியிலும் சரி, புத்தகத்துக்கு முன்னால் இருந்தது கடிதம். அதற்கு ஒரு வசதி உண்டு. வரவில்லை என்றால் திருப்பிக் கேட்கலாம். அடுப்பு எப்படி, தண்ணீர் எப்படி என்று பதிலுக்கு அவர்களும் கேட்பார்கள். அச்சான குறிப்பைத் திருப்பிக் கேட்க முடியாது. இட்லி கல்லாகிப் போனால் சாப்பாட்டு மேஜையில் பதில் சொல்ல வேண்டியவர் புத்தகத்தை எழுதியவர் அல்ல, சமைத்தவர். 'உனக்குக் கை வரவில்லை' என்ற ஒரே வாக்கியத்தில் குளிர், தண்ணீர், டம்ளர் எல்லாம் விடுதலையாகிவிடும். குற்றம் ஒரு பெண்ணின் கையில் வந்து நிற்கும். புதிதாக ஊர் மாறி வந்தவர் அதை நம்பியும் விடுவார்.

நம்பாதவர்கள் பென்சிலை எடுத்தார்கள். பக்க ஓரத்தில் தேதியோடு குறித்துக்கொண்டார்கள்: குளிர்காலத்தில் பதினாறு மணி நேரம், பாத்திரத்தைக் கம்பளியில் சுற்று, உப்பைக் கடைசியில் போடு. மீனாட்சி அம்மாள் 1962இல் மறைந்தார். அவருடைய புத்தகம் ஆங்கிலத்துக்குப் போனது. 2001இல் பென்குவின் நிறுவனம் அதிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை வெளியிட்டது. ஓரத்துப் பென்சில் குறிப்புகளை யாரும் அச்சிடவில்லை. பழைய புத்தகக் கடைக்கு எடைக்குப் போடும் முன், வீட்டில் இருக்கும் பிரதியை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. தில்லிக்கான பக்குவம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.