எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழையும் முன்: உண்மை சொல்வதும் அமானிதமே



தலைசுற்றல், கழுத்து வலி, கை மரத்துப்போதல் என்று மருத்துவரிடம் சென்றால், மூளைக்கும் கழுத்துக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து வருமாறு எழுதித் தருவது இன்று வழக்கமாகிவிட்டது. சீட்டு கைக்கு வந்ததும் நம் குடும்பங்களில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. எவ்வளவு செலவாகும்? முடிவு எப்போது கிடைக்கும்? அந்த அறைக்குள் செல்லும் முன் நாம் எவற்றையெல்லாம் சொல்ல வேண்டும் என்ற கேள்வியை எழுப்புவோர் மிகக் குறைவு. நோயாளியின் பாதுகாப்போ பெரும்பாலும் அந்தக் கேள்வியைத்தான் சார்ந்திருக்கிறது.

சில காலத்திற்கு முன் எங்கள் குடும்பத்துப் பெரியம்மா ஒருவரை இப்பரிசோதனைக்கு அழைத்துச் சென்றோம். நிரப்புவதற்கு ஒரு படிவம் தந்தார்கள். பெரியம்மா சற்றுத் தள்ளிச் சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவருடைய மகன் ஒரு கேள்வியைக்கூட அவரிடம் கேட்கவில்லை. எல்லாக் கட்டங்களிலும் ‘இல்லை’ என்று குறித்துத் தாமே கையெழுத்தும் இட்டார். நாங்களும் அருகில் நின்றோம், தடுக்கவில்லை. உடை மாற்றும் அறையில் பெண் ஊழியர் பொறுமையாக விசாரித்தபோதுதான் விவரம் வெளிவந்தது. மேற்கையில் உலோகக் குப்பியில் அடைத்த தாயத்து. முக்காட்டுக்குள் நான்கு ஊசிகள். எல்லாவற்றுக்கும் மேலாக, பல ஆண்டுகளுக்கு முன் காதுக்குள் செய்த அறுவை சிகிச்சை. மகனுக்கு அது நினைவிலேயே இல்லை. காதுக்குள் என்ன பொருத்தப்பட்டது என்பதற்கான பழைய மருத்துவச் சீட்டைக் கொண்டுவரும்படி கூறி, பரிசோதனையைத் தள்ளிவைத்தார்கள். அப்போது எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. வீடு திரும்பிய பின் வெட்கமாக இருந்தது.

இந்தப் பரிசோதனையில் எக்ஸ்ரே கதிர்கள் இல்லை. வலிமையான காந்தமும் வானொலி அலைகளுமே உடலின் உட்பகுதிகளைப் படமாக்குகின்றன. பெரும்பாலான மருத்துவமனைகளில் உள்ள காந்தம் 1.5 அல்லது 3 டெஸ்லா வலிமை கொண்டது. 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. படம் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் இயங்கிக்கொண்டே இருக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. 2018 ஜனவரியில் மும்பையில், நோயாளிக்குத் துணையாகச் சென்ற இளைஞர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் நுழைந்து உயிரிழந்தார். 2025 ஜூலையில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஸ்கேன் முடிந்த மனைவியை எழுப்பிவிடச் சென்ற ஒருவர், கழுத்தில் அணிந்திருந்த கனத்த இரும்புச் சங்கிலியோடு இயந்திரத்தால் இழுக்கப்பட்டு மாண்டார். இவ்விருவரும் நோயாளிகள் அல்லர். உடன் சென்ற உறவினர்கள். எச்சரிக்கை நோயாளிக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இவையே சான்று.

ஆகவே, படிவத்தை நோயாளியிடம் வாசித்துக் காட்டி, அவர் சொல்வதையே எழுத வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. இதயத்தில் பேஸ்மேக்கர், மூளை இரத்தக் குழாயில் கிளிப், காதில் காக்ளியர் கருவி, எலும்பில் தகடு அல்லது திருகு, இரத்தக் குழாயில் ஸ்டென்ட் ஆகியவற்றுள் எது இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். இவற்றுள் பல இன்று எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றவையாகவே செய்யப்படுகின்றன. ஆயினும் எது ஏற்றது, எது ஆகாது என்பதைப் பொருத்தப்பட்ட கருவியின் விவரச் சீட்டைக் கொண்டுதான் முடிவு செய்ய முடியும். வெல்டிங் வேலையும் லேத் வேலையும் பார்த்தவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டிருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. கண்ணுக்குள் தங்கிவிட்ட சிறு துகள்கூடக் காந்தத்தால் அசைந்து பார்வையைப் பாதிக்கக்கூடும். கழற்றக்கூடிய செயற்கைப் பற்கள், காது கேட்கும் கருவி, கைப்பேசி, வங்கி அட்டை யாவும் வெளியிலேயே இருக்கட்டும்.

நம் சமுதாயத்தில் உண்மை மறைவதற்குப் பெரும்பாலும் கூச்சமே காரணம். மாமனார் முன்னிலையில், ‘மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறது’ என்று மருமகள் எப்படிச் சொல்வாள்? மகன் பேனாவோடு நிற்கும்போது, காப்பர்-டி பொருத்தியிருப்பதைத் தாய் எப்படிச் சொல்வார்? காப்பர்-டி பொதுவாகத் தடையாவதில்லை. எனினும் ஊழியர் அறிந்திருக்க வேண்டும். கர்ப்பம் இருக்கக்கூடும் என்பதோ கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி. ஆண்கள் சற்று விலகி நின்று, பெண்கள் தம் படிவத்தைப் பெண் ஊழியரின் உதவியோடு தாமே நிரப்ப வழிவிட வேண்டும். வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான். ஆனால் மருத்துவரிடம் உண்மையை மறைத்து உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொள்வதை அந்த வெட்கம் கோரவில்லை.

ஹிஜாப் பற்றிய கவலையும் இதைப் போன்றதே. முன்பதிவு செய்யும்போதே பெண் தொழில்நுட்பர் இருப்பாரா என்று கேட்டுக்கொள்ளலாம். ஊசி, கொக்கி, சரிகை எதுவும் இல்லாத பருத்தி முக்காடு ஒன்றைக் கொண்டுசென்று, அதை அணிந்துகொள்ளலாமா என்று கேட்கலாம். தலையையும் கழுத்தையும் சுற்றிக் கூண்டு போன்ற ஒரு கருவியைப் பொருத்துவார்கள் என்பதால், சில சமயம் மருத்துவமனை தரும் துணியை மட்டுமே அனுமதிக்கக்கூடும். உலோக இழை கலந்த ஆடை சூடேறித் தோலைச் சுடும் அபாயம் உண்டு. தாயத்து அணிவது மார்க்கத்தில் கூடுமா என்ற விவாதத்தை இங்கே நாம் எடுக்கவில்லை. அணிந்திருப்பவர் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் செல்ல வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

உள்ளே குறுகிய குழாய். காதைத் துளைக்கும் தட்டொலி. மூளைக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய அரை மணி முதல் ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க நேரிடும். ‘கப்ரு நினைவு வந்துவிட்டது’ என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த அச்சத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. காதை அடைக்கப் பஞ்சோ செவிமூடியோ தருவார்கள். கையில் ஓர் அழைப்பு உருண்டையும் இருக்கும். அதை அழுத்தினால் ஊழியர் உடனே வருவார். மிகவும் அஞ்சுவோருக்கு மருத்துவர் அமைதிப்படுத்தும் மருந்து தரக்கூடும். திக்ரு செய்ய விரும்புவோர் மனத்துக்குள்ளேயே செய்யட்டும். உதடும் தாடையும் அசைந்தாலோ அடிக்கடி எச்சில் விழுங்கினாலோ கழுத்துப் படம் மங்கிவிடும். மீண்டும் எடுக்க நேரிடும்.

சிலருக்குக் கடோலினியம் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் செலுத்துவார்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், முன்பு இத்தகைய ஊசியால் ஒவ்வாமை கண்டவர்களும் அதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ரமளானில் பரிசோதனை வந்தால், ஊசி உண்டா, வெறும் வயிற்றில் வரவேண்டுமா என்பவற்றை மருத்துவரிடமும், நோன்பு பற்றிய ஐயத்தை நம்பகமான ஆலிமிடமும் முதல் நாளே கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஊசியின்றி எடுக்கும் ஸ்கேனில் உண்ணவோ பருகவோ எதுவுமில்லை. நோயாளிகள் நோன்பை வேறு நாட்களில் நோற்கலாம் என்று அல்குர்ஆன் சலுகை தந்திருக்க, அவசரமான பரிசோதனையைப் பெருநாள் கழியட்டும் என்று தள்ளிப்போடுவது முறையன்று.

‘எல்லாம் அல்லாஹ்வின் நாட்டப்படி நடக்கும், படிவத்தில் என்ன இருக்கிறது?’ என்று கேட்போர் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். ‘ஊழியர்தான் சோதிப்பாரே’ என்பதும் முழு உண்மையன்று. மேலே அணிந்திருப்பதை அவர் கண்டுபிடிக்கலாம். உடலுக்குள் இருப்பதை நாம் சொன்னால்தான் அவர் அறிவார்.

நம் உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பெற்றோரின் உடலைக் குறித்து நாம் இடும் கையெழுத்தும் ஓர் அமானிதமே. அடுத்த முறை அந்தப் படிவம் கைக்கு வரும்போது, உம்மாவின் அருகில் அமர்ந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேளுங்கள். பத்து நிமிடத்திற்குமேல் ஆகாது. அப்படியே, வீட்டில் யாருக்கு எப்போது என்ன அறுவை சிகிச்சை நடந்தது என்பதை ஒரு தாளில் எழுதி, பழைய மருத்துவச் சீட்டுகளோடு ஒரே பையில் வைத்துவிடுங்கள். எங்கள் பெரியம்மாவின் சீட்டு அரிசிப் பானைக்கு அடியில் கிடைத்தது. அதில் இருந்த விவரத்தைப் பார்த்துத் தடையில்லை என்று மருத்துவர் உறுதி செய்த பின்னரே ஸ்கேன் நடந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.