சுடுகாட்டு மல்லியா, நித்திய கல்யாணியா?

தூது போவது சுலபமான காரியம் அல்ல, சகோதரிகளே! அனுமார் தூது போனார். வாலில் நெருப்பு வைத்தார்கள். நானும் போன வாரம் காரைக்காலுக்கு ஒரு தூது போனேன். வால் இல்லாததால் தப்பித்தேன். ஆனால் அனுப்பியவர் கட்சியை விட்டு, விபீஷணனைப் போல் எதிர்க் கட்சியில் சேர்ந்துகொண்டு திரும்பினேன். இந்த வாரம் இந்தப் பக்கத்தில் ஊறுகாய்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஊறுகாய் ஒரு வாரம் பொறுக்கும். இது பொறுக்காது.

அனுப்பியவர் என் பெரியம்மாவின் பிள்ளை. பாரிஸில் உத்தியோகம். டெலிபோனில் பொரிந்து தள்ளினார்.

"அம்மாவுக்கு 73 வயசாச்சு. தனியா இருக்காங்க. இங்கே வந்துடுங்கன்னா வரமாட்டேங்கிறாங்க. ஏன்னு கேளு. நாய்க்கு உடம்பு சரியில்லையாம்! கான்சராம்! பிழைக்காதுன்னு டாக்டரே சொல்லியாச்சு. ஒரு ஊசி போட்டா அதுக்கும் நிம்மதி, எல்லாருக்கும் நிம்மதி. அது என்ன போலீஸ் நாயா, மெடல் வாங்கின நாயா? நீ பத்திரிகையிலே எழுதறவ. நீ சொன்னா கேட்பாங்க."

பத்திரிகையில் எழுதுகிறவர்கள் சொன்னால் யாராவது கேட்பார்கள் என்று அண்ணன் இன்னும் நம்புகிறாரே என்ற சந்தோஷத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

* * *

நாயின் பெயரை முதலில் சொல்லிவிட வேண்டும். பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். 1739 முதல் காரைக்காலில் பறந்த பிரெஞ்சுக் கொடி 1954-இல் இறங்கிவிட்டது. ஆனாலும் பிரெஞ்சு பாஷை சில வீடுகளுக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. பெரியப்பா வீட்டில் அது நாய்க்குப் பெயராக உட்கார்ந்தது. 'ஷெரி' என்று வைத்தார். நம் 'கண்ணே' என்பது போல. பால்காரர் வாயிலும் மீன்காரம்மா வாயிலும் புகுந்து புறப்பட்டபோது அது 'சரி' ஆகிவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன் பெரியப்பா காலமான பிறகு பெரியம்மாவுக்கும் சரிதான். வாசலில் நின்று "சரீ... சரீ..." என்று அவர் கூப்பிட்டால் எதற்கோ ஒப்புக்கொள்வது போல இருக்கும். எதிர் வீட்டுக்காரர் ஒரு தடவை, "நான் ஒன்றும் கேட்கவில்லையே அம்மா!" என்றாராம்.

சரிக்கு இப்போது பதினொரு வயது. நாட்டு நாயும் ஏதோ சீமை நாயும் கலந்த ஜாதி. செம்பட்டை நிறம், ஒரு காது நிமிர்ந்தது, ஒரு காது மடிந்தது. நான் படுத்த படுக்கையாக ஒரு நோயாளியை எதிர்பார்த்துப் போனேன். கதவைத் திறந்ததும் என் கைப்பையில் இருந்த பிஸ்கட்டை மோப்பம் பிடித்து, வாலை ஆட்டி, மேலே ஏறி, புடவையில் இரண்டு கால் தடம் பதித்துவிட்டது. பிறகுதான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்த் திண்ணையில் படுத்தது.

"ஓடி வந்தா இப்படித்தான் இரைக்கும். அதுக்காக ஓடாம இருக்க மாட்டா," என்றார் பெரியம்மா.

* * *

நோய் வந்த கதை நம்மில் நாய் வளர்க்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. பெண் நாய்க்குப் பால் காம்புகள் பெரும்பாலும் ஐந்து ஜோடி. சரிக்குப் பின் காம்பு ஒன்றின் அடியில் புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி தென்பட்டது. பெரியம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார். எட்டு மாதம் பூசினார். புளியங்கொட்டை எலுமிச்சம்பழம் ஆயிற்று. உள்ளூர் டாக்டர் பார்த்து, "ஏனம்மா இவ்வளவு நாள்?" என்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது.

கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு அதிகமாக வரும் கட்டி இதுதான். ஏறக்குறைய பாதி சாதுவானவை. மறு பாதி புற்று. கையால் தொட்டுப் பார்த்து எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும். ஆகையால் மாதம் ஒரு முறை, தடவிக் கொடுக்கும் சாக்கில் கழுத்து முதல் வால் வரை விரலால் பாருங்கள். கடலை அளவு கட்டி தெரிந்தாலும் மஞ்சளைத் தேடாதீர்கள், டாக்டரைத் தேடுங்கள். முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை ஆபரேஷன் செய்த நாய்களுக்கு இந்த அபாயம் இருநூறில் ஒரு பங்காகக் குறைகிறது என்று 1969-இல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று சொல்லிற்று. அந்தக் கணக்கைப் பற்றிப் பிற்பாடு வாதப் பிரதிவாதங்கள் உண்டு. எந்த வயதில் செய்வது என்பதை உங்கள் டாக்டரையே கேளுங்கள்.

பெரிய வைத்தியத்துக்கு இடம் இல்லாமல் இல்லை. புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தஞ்சைக்கு அப்பால் ஒரத்தநாட்டில் ஒன்று. சென்னை வேப்பேரியிலோ 1903 முதல் இருக்கிறது. பெரியம்மா வாடகைக் கார் பிடித்துச் சுமார் 130 கிலோமீட்டர் புதுச்சேரிக்குப் போனார். ஆபரேஷன் நடந்தது. தையலை நக்காமல் இருக்கச் சரிக்குப் பாரிஸ் அண்ணனின் பழைய பனியனை மாட்டிவிட்டார். (அண்ணனிடம் இதை நான் சொல்லவில்லை, இந்த வாரம் படித்துத் தெரிந்துகொள்வார்.)

புண் ஆறிற்று. ஆனால் மூன்று மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தன. இந்தப் புற்று அங்கேதான் பெரும்பாலும் பரவும். டாக்டர் ஒளிக்கவில்லை. "இன்னும் சில மாதங்கள். வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அது பங்குனியில். நான் போனது ஆனியில், மாங்கனித் திருவிழா முடிந்த கையோடு.

* * *

கொல்லைக் கிணற்றடியில் ஒரு செடி. ரோஜா வண்ணத்தில் ஐந்து இதழ்ப் பூ. வருஷம் முழுதும் பூக்கும். அதனால் நித்திய கல்யாணி. மயானத்து மண்ணிலும் தானாக முளைக்கும். அதனால் சுடுகாட்டு மல்லி. ஒரே செடிக்கு இப்படி இரண்டு பெயர்!

பக்கத்து வீட்டு அம்மாள், "இதிலிருந்துதான் கான்சர் மருந்து எடுக்கிறாங்களாம். கஷாயம் வச்சுக் கொடுங்க" என்று சொல்லியிருக்கிறார். நல்ல வேளை, பெரியம்மா கஷாயம் வைக்குமுன் டாக்டரைக் கேட்டார்.

அந்த அம்மாள் சொன்னதில் முதல் பாதி உண்மை. 1952-இல் ஜமைக்காவிலிருந்து ஒரு நோயாளி, இந்தச் செடியின் 25 இலைகளைக் கனடா நாட்டு டாக்டர் ஒருவருக்குத் தபாலில் அனுப்பினார். அங்கே நீரிழிவுக்கு மருந்தாகக் குடிக்கிறார்கள் என்று எழுதினார். அந்த டாக்டரின் தம்பி ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அப்படியானால் ரத்தப் புற்றுக்கு ஆகுமோ என்று யோசித்தார். 1958-இல் அவரும் சார்லஸ் பீர் என்பவரும் வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். அடுத்து வந்தது வின்கிரிஸ்டின். குழந்தைகளின் ரத்தப் புற்று நோய்க்கு அது பெரிய வரப்பிரசாதம் ஆயிற்று. நாய்களுக்கும்தான். நம் ஊர்த் தெரு நாய்களுக்குள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும் ஒரு வகைப் புற்று உண்டு. (மனிதருக்குத் தொற்றாது, பயம் வேண்டாம்.) வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசியாகச் சில வாரம் போட்டால் பெரும்பாலும் அது அடியோடு குணமாகிவிடும்.

இரண்டாம் பாதிதான் தவறு. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அளந்து, சுத்தம் செய்து, ரத்தக் குழாயில் ஏற்றும் மருந்து அது. பச்சையாக அரைத்துக் கொடுத்தால் செடி முழுதும் விஷம். தவிர, சரிக்கு வந்திருக்கும் புற்றுக்கு அது மருந்தும் அல்ல.

"அப்போ அது எனக்கு வெறும் பூதான்னு விட்டுட்டேன்" என்றார் பெரியம்மா. காலையில் இரண்டு பூப் பறித்துச் சரியின் கழுத்துப் பட்டையில் சொருகினார். நான், "சுடுகாட்டு மல்லியையா?" என்று கேட்டுவிட்டேன்.

"சுடுகாடுன்னா பயப்பட நான் வேற ஊர்க்காரியாடி?" என்று சிரித்தார். உண்மைதானே! அழகை உதறிப் பேய் உருக் கேட்டு வாங்கி, திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் ஈசன் ஆட்டத்தைப் பார்த்திருந்த அம்மையார் பிறந்த ஊராயிற்றே.

* * *

அன்று மாலை துணிந்து தூதைச் சொன்னேன். அண்ணன் கேட்ட 'போலீஸ் நாயா?' என்ற கேள்வி உட்பட.

போலீஸ் நாயின் கதையும் எனக்குத் தெரியும். பம்பாய்ப் போலீஸின் வெடிகுண்டுப் படையில் ஜஞ்சீர் என்று ஒரு லாப்ரடார் நாய் இருந்தது. ஹிந்தியில் சங்கிலி என்று அர்த்தம். 1993 மார்ச் 12-இல் அந்த நகரத்தைத் தொடர் குண்டுகள் உலுக்கின. பிறகு அது மோப்பம் பிடித்துக் கொடுத்தது 3,329 கிலோ ஆர்.டி.எக்ஸ்., 600 டெட்டனேட்டர்கள், 249 கையெறி குண்டுகள், 6,406 தோட்டாக்கள். அதன் மூக்கால் எத்தனை தாலி நிலைத்தது என்று யார் கணக்கிடுவது? அந்த ஜஞ்சீருக்கும் புற்றுதான் வந்தது, எலும்பில். 2000 நவம்பர் 16-இல் பரேல் கால்நடை ஆஸ்பத்திரியில், எட்டு வயதில் இறந்தது. போலீஸ் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

இதைச் சொல்லி முடித்தேன். பெரியம்மா சரியின் தட்டில் வேகவைத்த மீனை முள் பார்த்து எடுத்து உதிர்த்துக்கொண்டிருந்தார். உப்பு இல்லை, வெங்காயம் இல்லை. வெங்காயம் நாய்க்கு ஆகாது.

"இவ ஒரு குண்டும் கண்டுபிடிக்கலே. மீன்காரம்மாவைத்தான் கண்டுபிடிப்பா," என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"உன் பெரியப்பாவை 40 நாள் ஆஸ்பத்திரியிலே வச்சிருந்தாங்க. தினம் நாளைக்கு என்ன பரிசோதனை, நாளான்னிக்கு என்ன ரிப்போர்ட்டுன்னே பேசினோம். நான் வராண்டாவிலே பெஞ்சியிலே உட்கார்ந்திருந்தேன். உள்ளே விட்டது தினம் அரை மணி. அந்த அரை மணியிலேயும் 'சரியாப் போயிடும்'னு பொய் சொல்லிக்கிட்டிருந்தேன். ஒரு நாளும் அவரோட சும்மா உட்காரலே. அந்த 40 நாளை வராண்டாவிலே விட்டுட்டேன்டி. இவளோட நாளை விடமாட்டேன். அவ்வளவுதான்."

எனக்குப் பேச வாய் இல்லை. தூது அங்கேயே முடிந்துவிட்டது.

* * *

பெரியம்மா பிடிவாதக்காரி, ஆனால் நாயை வதைத்து வைத்துக்கொள்ளும் பிடிவாதம் அல்ல. கூடத்தில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. படுக்கப் போகுமுன், அன்றைய நாள் சரிக்கு நன்றாகப் போயிருந்தால் தாளில் 'ச' என்று எழுதுகிறார். சாப்பிட்டாளா, தண்ணீர் குடித்தாளா, எழுந்து வாசல் வரை வந்தாளா, மூச்சு நிதானமா, மீன்காரம்மாவைப் பார்த்துக் குரைத்தாளா. இல்லாவிட்டால் ஒன்றும் எழுதுவதில்லை. கிழித்த தாள்கள் பிஸ்கட் டின்னில். "ஒரு வாரத்திலே எழுதாத தாள் ஜாஸ்தியாச்சுன்னா, நானே டாக்டரைக் கூப்பிடுவேன். அவர் வீட்டுக்கே வந்து ஊசி போடறேன்னிருக்கார். என் மடியிலே," என்றார்.

பெரியம்மா யாரையும் படித்து இதைச் செய்யவில்லை. ஆனால் ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை டாக்டர் 2004-இல் வகுத்த கணக்கும் ஏறக்குறைய இதுவே. வலி, பசி, நீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளை விட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் இன்னும் சேர்ந்து வாழலாம்.

வலிக்கு டாக்டர் தந்த மருந்து மட்டுமே. நாம் தலைவலிக்கு விழுங்கும் பாராசிட்டமாலையோ இபுபுரூபனையோ நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

முன்பெல்லாம் அரசலாற்றங்கரை வழியே கடற்கரை வரை போய் வருவார்கள் இருவரும். இப்போது தெருமுனை மட்டும். அங்கே ஒரு படியில் உட்காருகிறார்கள். சரி வருகிறவர் போகிறவரைப் பார்க்கிறாள். பெரியம்மா சரியைப் பார்க்கிறார். நானும் இரண்டு நாள் கூட உட்கார்ந்தேன். நாய்க்குத் தனக்கு வந்த நோயின் பெயர் தெரியாது. டாக்டர் சொன்ன மாதக் கணக்கும் தெரியாது. மீன் கூடை வரும் நேரம் மட்டும் நன்றாகத் தெரியும்.

ஊருக்குக் கிளம்புமுன் பாரிஸுக்கு டெலிபோன் செய்தேன்.

"என்ன, அம்மா சம்மதிச்சாங்களா?"

"இல்லை அண்ணா. உங்களுக்கு லீவு கிடைக்குமா? நீங்க இங்கே வாங்க. அம்மாவோட தெருமுனைப் படியிலே நாலு நாள் சும்மா உட்காருங்க."

எதிர்முனையில் நீண்ட மௌனம். இங்கே வாசலில் பெரியம்மா நாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அது அண்ணன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். பெரியம்மாவின் குரலா, தாமே சொன்னதா என்று தெரியாதபடி, மெதுவாக அவரும் சொன்னார்:

"சரி."

அன்றைய தாளில் பெரியம்மா 'ச' எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.