புது மதத்தில் சேர்ந்தவர்கள் ஏமாளிகளா?

புது மதங்களைப் பற்றிப் படித்தவர்கள் கூடிப் பேசும்போது, முன்கூட்டியே எழுதி வைத்ததுபோல ஒரு முடிவு வந்து நிற்கிறது. வாய்ச்சாலகம் உள்ள ஒருவர் கிளம்புவார், இரண்டு அற்புதக் கதைகளைப் பரப்புவார், படிப்பில்லாதவர்களும் மனம் உடைந்தவர்களும் போய்ச் சேருவார்கள், உண்டியல் நிறையும், மதம் பிறந்துவிடும். ஏமாறுகிறவன் இருக்கும்வரை ஏமாற்றுகிறவன் இருப்பான் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்கள். 1997-ல் சாமியார் பிரேமானந்தாவுக்குப் புதுக்கோட்டை நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்ததைக் கண்ட தலைமுறைக்கு இந்த முடிவு எளிதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் ஒரு சாமியாரின் ஆசிரமம் வேறு, மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஒரு வழி வேறு. இரண்டையும் ஒரே தராசில் போடுவதால், நம் கண்ணெதிரே பிறந்து வளர்ந்த சமயங்களை நாம் புரிந்துகொள்ளாமலே இருக்கிறோம். அவற்றை உண்டாக்கிய எளிய மக்களை இழிவாகவும் பேசிவிடுகிறோம். இதைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

மதத்தை ஒரு தனி ஆள் உண்டாக்குகிறார் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். கன்னியாகுமரி மாவட்டத்துச் சாமித்தோப்பில் 1809-ல் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். பனையேறும் சாதியில் பிறந்த பிள்ளைக்கு இந்தப் பெயரா என்று மேல்சாதியார் எதிர்க்க, அது முத்துக்குட்டி ஆனது. பெற்ற பிள்ளைக்கு விரும்பிய பெயர் வைக்க முடியாத ஊரில்தான் பிற்காலத்து அய்யா வைகுண்டர் வளர்ந்தார். அன்றைய திருவிதாங்கூரில் பனையேறிகளுக்குத் தலைவரி இருந்தது. கூலியில்லாத ஊழியம் இருந்தது. தலைப்பாகை கட்டக் கூடாது. பெண்கள் தோளை மறைக்கக் கூடாது. 1833 மாசி 20-ஆம் நாள் திருச்செந்தூர்க் கடலிலிருந்து அவர் வைகுண்டராக எழுந்து வந்தார் என்பது அவரைப் பின்பற்றும் அய்யாவழியினரின் நம்பிக்கை. அதை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். அதற்குப் பிறகு நடந்தவற்றைப் பார்த்தாலே நம் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

மன்னர் சுவாதித் திருநாள் அவரைப் பிடித்துத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார். தலைவர் சிறையில் கிடந்தும் கூட்டம் கலையவில்லை. அவர் வெளியே வந்த பிறகு துவையல் தவசு என்று எழுநூறு குடும்பங்கள் வாகைப்பதியில் கூடியதாகவும் பிறகு முட்டப்பதிக்குப் போனதாகவும் சமயத்தார் சொல்கிறார்கள். கடலோரத்தில் நாள்தோறும் குளித்து, துணி துவைத்து, மாமிசம் விட்டு, ஒன்றாகச் சமைத்து உண்டார்கள். உடலும் உடையும் அசுத்தம் என்று யாரைத் தள்ளி வைத்தார்களோ அவர்கள், தங்கள் துணியைத் தாங்களே துவைத்து அதையே தவமாக்கிக்கொண்டார்கள். இப்படி ஒன்றை ஒருவர் முன்மொழியலாம். மூன்று வேளையும் கடலில் இறங்கி நின்று அதைச் செய்து காட்டியவர்கள் அந்தக் குடும்பங்கள்.

அய்யாவழியின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானையை அரிகோபாலச் சீடர் 1841-ல் எழுதினார். அது அச்சேறியது 1939-ல். இடைப்பட்ட கிட்டத்தட்ட நூறு ஆண்டு ஏட்டில்தான் இருந்தது. யாரோ ஓலையில் படியெடுத்தார்கள். யாரோ ராகம் போட்டு வாசித்தார்கள். ஊர் உட்கார்ந்து கேட்டது. அதை ஓதும் திருஏடு வாசிப்பு இன்றும் 17 நாள் நடக்கிறது. வைகுண்டர் மறைந்தது 1851-ல். ஊர் ஊராக நிழல் தாங்கல்கள் என்ற சிறு வழிபாட்டிடங்கள் பெருகியது அவர் இல்லாத காலத்தில். அவற்றில் பல, திண்ணைப் பள்ளிக்கூடமாகவும் இருந்தன. இந்தப் படியெடுத்தவர்களும் தாங்கல் கட்டியவர்களும் பெயரில்லாமல் போனார்கள். தலைவரை மட்டும் வைத்து மதத்தின் கதையைச் சொல்கிறவர்கள் விட்டுவிடுவது இவர்களைத்தான்.

சோட்டாநாகபுரிப் பழங்குடியினரிடமும் இதே கதைதான். 1914-ல் ஜத்ரா ஒராவோன் தானா பகத் வழியைத் தொடங்கிய சிறிது காலத்திலேயே கைதானார். ஜமீன்தாருக்கு வெட்டி வேலை செய்யமாட்டோம் என்ற அந்த வழி, அவர் கையை விட்டுப் போன பிறகும் பரவிக்கொண்டே இருந்தது.

அற்புதங்களைக் காட்டித்தான் ஆள் சேர்க்கிறார்கள் என்பது அடுத்தது. அய்யாவைப் புலிக்கூண்டில் விட்டும் புலி தீண்டவில்லை என்ற கதை உண்டு. பதிகள் எனப்படும் கோயில்களில் திருமண்ணும் நீரும் நோய்க்குக் கொடுப்பதும் உண்டு. இல்லையென்று சொல்ல வரவில்லை. ஆனால் தென் திருவிதாங்கூரில் அற்புதத்துக்குப் பஞ்சமே கிடையாதே! மாடன், இசக்கி, கோடாங்கி, குறி, ஆட்டுக்கிடா பலி என்று ஒவ்வொரு நோய்க்கும் ஒரு பரிகாரம் பக்கத்திலேயே இருந்தது. வைகுண்டர் அவற்றை விடச் சொன்னார். பலி வேண்டாம், பேய்க்குப் படையல் வேண்டாம், காணிக்கை வேண்டாம், தேங்காய் உடைக்க வேண்டாம் என்றார். அற்புதத்துக்கு அலைகிறவர்கள் என்றால், கையிலிருக்கும் அத்தனை பரிகாரத்தையும் உதறிவிட்டு இவர் பின்னால் ஏன் வரவேண்டும்?

சாமித்தோப்புக்குப் போய்ப் பார்த்தால் விடை கிடைக்கும். முதலில் முத்திரிக் கிணறு. எந்தச் சாதியானாலும் அந்த ஒரே கிணற்றுத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பொதுக் கிணற்றில் வாளி இறக்க முடியாதவர்களுக்காகத் தோண்டிய கிணறு அது. ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலையில் துணியைச் சுற்றித் தலைப்பாகை கட்டுகிறார்கள். எது மறுக்கப்பட்டதோ அதுவே வழிபாட்டுக்குக் கட்டாயம் ஆகியிருக்கிறது. நெற்றியில் தீச்சுடர்போல மேல்நோக்கி எழும் வெள்ளை நாமம். பள்ளியறையில் சிலை இல்லை. விளக்கும் கண்ணாடியும் இருக்கின்றன. கும்பிடுகிறவர் அந்தக் கண்ணாடியில் காண்பது தலைப்பாகையோடு நிமிர்ந்து நிற்கும் தன்னை. பிறகு எல்லோருக்கும் ஒரே பந்தியில் அன்னம்.

அந்தக் காலத்தில் இந்தக் கிணறும் தலைப்பாகையும் பந்தியும் ஒரு பனையேறிக்கு என்னவாக இருந்திருக்கும்? புலிக் கதையைக் கேட்காதவருக்கும் இவை அன்றே, அப்போதே கிடைத்தன. கடவுள் காட்சி தருவார் என்று காத்திருக்கத் தேவையில்லை. குளித்த மறுகணம் அவர் இன்னொரு மனிதர். இதில் ஏமாந்தவர் யார்?

படிக்காதவர்கள், வேறு வழி அறியாதவர்கள் என்ற பேச்சும் வரலாற்றைப் பார்த்தால் நிற்காது. சாமித்தோப்பிலிருந்து சில மைல் தொலைவிலிருக்கும் மயிலாடியில் 1806-லேயே லண்டன் மிஷன் பாதிரியார் ரிங்கல்தௌபே வந்து இறங்கிவிட்டார். வைகுண்டர் பிறந்த அதே 1809-ல் அங்கே தேவாலயம் எழுந்தது. பள்ளிக்கூடம் இருந்தது, அதிகாரிகளிடம் பரிந்து பேச வெள்ளைக்காரப் பாதிரிமார் இருந்தார்கள். அந்த வழியை ஆயிரக்கணக்கானோர் தேர்ந்தெடுத்தார்கள். பெண்கள் தோளை மறைக்கும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டத்தில் அவர்கள் பட்ட பாடு சிறிதல்ல. அதே குடும்பங்களில் வேறு சிலர் அதையும் பார்த்து, பழைய கோயிலையும் பார்த்து, மூன்றாவதாகத் தங்கள் மொழியில், தங்கள் மண்ணில் பிறந்த ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். லண்டன் மிஷனைச் சேர்ந்தவர்கள் முத்துக்குட்டியின் கூட்டம் தங்களுக்கு இடைஞ்சலாக இருப்பதாக எழுதி அனுப்பியதற்குக் காரணம் இதுதான். ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளை எடைபோட்டு ஒன்றைத் தேர்ந்தவர்களை அறியாதவர்கள் என்று எப்படிச் சொல்வது?

படித்தவர்களின் கணக்கும் இருக்கிறது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த அம்பேத்கர், இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935-ல் யேவலாவில் அறிவித்தார். நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14-ல். இடையில் 21 ஆண்டு ஆராய்ச்சி. லட்சக்கணக்கானோரோடு அவர் ஏற்ற 22 உறுதிமொழிகளோடு பிறந்தது பழைய பௌத்தம் அல்ல, புதிய ஒன்று. அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே சித்த மருத்துவரான அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிவிட்டார். வியட்நாமில் 1926-ல் எழுந்த காவ் தாய் மதத்தின் முதல் அடியார்களில் பலர் பிரெஞ்சு ஆட்சியில் வேலை பார்த்த அரசு ஊழியர்கள். ஜப்பானில் சோகா கக்காய் தொடங்கிய மகிகுச்சி ஒரு பள்ளித் தலைமை ஆசிரியர்.

மூளைச்சலவை என்ற சொல்லை இப்போது எல்லோரும் எடுத்து வீசுகிறார்கள். இங்கிலாந்தில் சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர், மூனிகள் என்று அழைக்கப்பட்ட ஐக்கியத் திருச்சபையினரோடு பல ஆண்டு பழகி 1984-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்களுடைய தங்குமுகாமுக்குப் போனவர்களில் சுமார் பத்தில் ஒருவர்தான் சேர்ந்தார். சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் விலகிப்போனார்கள். மூளையைச் சலவை செய்யும் வித்தை அவர்களிடம் இருந்திருந்தால் கணக்கு இப்படியா வந்திருக்கும்? அதே இயக்கத்தின் அமெரிக்கக் கிளையை ஆராய்ந்த லோஃப்லாண்டும் ஸ்டார்க்கும் 1965-லேயே ஒன்றைச் சொன்னார்கள்: ஆட்கள் சேர்ந்தது பிரசங்கத்தைக் கேட்டு அல்ல, முன்பே உள்ளே இருந்த நண்பரையும் உறவினரையும் நம்பி. இதை அறிய அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. அயோத்திதாசரின் பௌத்தம் ஆழமாக ஊன்றிய இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல். வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போன அண்ணன் தம்பி, மாமன் மச்சான் வழியாகத்தான் அது அங்கே போய்ச் சேர்ந்தது; ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் தமிழ்க் கூலிகள் போன கப்பலிலேயே போனது.

இதற்கு நேர் எதிராகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு: ஊரும் உறவும் அறுந்து, ஆதரவில்லாமல் நிற்பவர்களே புது மதத்திடம் அகப்படுகிறார்கள், அது நவீன வாழ்க்கையின் தனிமையில் விளைவது என்பது. அந்தமானை வைத்து இதைச் சோதிக்கலாம். நடு அந்தமானில் ரங்கத்தை அடுத்துள்ள லாங் ஐலண்டுக்குப் படகில்தான் போக முடியும். அங்கே பிளைவுட் ஆலை நடந்த காலத்தில் வங்காளிகளும் ராஞ்சிக்காரர்களும் தமிழர்களும் தெலுங்கர்களும் கூலிக்கு வந்து சேர்ந்தார்கள். ஆலை மூடியதும் பலர் வேறு இடம் தேடிப் போனார்கள். மொழி வேறு, சாதி வேறு, சொந்த ஊர் கடலுக்கு அப்பால். தனிமைதான் மதத்தை விளைவிக்கும் என்றால் இத்தகைய தீவுகளில் புதிது புதிதாக மதங்கள் முளைத்திருக்க வேண்டும்.

நடந்தது வேறு. பிரிவினைக்குப் பிறகு 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகளை அரசு கல்கத்தாவிலிருந்து கப்பலேற்றி இந்தத் தீவுகளில் குடியமர்த்தியது. ரங்கத், திக்லிப்பூர், ஹேவ்லாக், நீல் என்று காடு வெட்டி வயலாக்கிய அவர்களில் பெரும்பாலோர் நாமசூத்திரர் என்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களோடு மதுவா சமயமும் வந்தது. அது ஃபரீத்பூர்ப் பக்கத்து ஒராகாந்தியில் ஹரிசந்த் தாக்கூர் (1812–1878) தொடங்கியது. வைகுண்டரும் இவரும் ஏறக்குறைய ஒரே வயதினர், ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனால் பிராமணப் புரோகிதர் வேண்டாம், தீட்சை வேண்டாம், குடும்பத்தை விட்டுத் துறவு போக வேண்டாம், உழைத்துக்கொண்டே பக்தி செய் என்று இவர் சொன்னதைக் கேட்டால் சாமித்தோப்பு நினைவுக்கு வரும். 1872–73-ல் நாமசூத்திரர்கள் மேல்சாதி வீடுகளில் வேலைக்குப் போகமாட்டோம் என்று மாதக்கணக்கில் நின்றார்கள். ஹரிசந்தின் மகன் குருசந்த் 1880-ல் ஒராகாந்தியில் பள்ளி தொடங்கினார்.

அந்தமானில் மதுவா தழைத்ததற்கு உறவு அறுந்தது காரணமல்ல. அறுந்த உறவைச் சேர்த்துக் கட்டியது அதுதான். டங்கா முரசும் காசித் தாளமும் காதை அடைக்க, வெள்ளைக் கரையிட்ட சிவப்புக் கொடியோடு கீர்த்தனம் பாடி ஆடும்போது, எந்த மாவட்டத்திலிருந்து எந்தக் கப்பலில் வந்தவர் என்ற பேதம் போய்விடுகிறது. ஒராகாந்தி இன்று வேறு நாட்டில் இருக்கிறது. அங்கே போக முடியாதவர்கள் தங்கள் தீவிலேயே பாருணி விழா எடுக்கிறார்கள். தனிமையில் வாடும் ஆளைத் தேடிப் பிடித்த கதை இதில் எங்கே இருக்கிறது? சேர்ந்து வந்தவர்கள் சேர்ந்தே இருப்பதற்கு எடுத்த வழி இது.

படிப்பும் விஞ்ஞானமும் பெருகினால் இதெல்லாம் மறையும் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி வழிபாடு வளர்ந்தது பஸ்ஸும் ரயிலும் தொலைக்காட்சியும் பெருகிய காலத்தில். மாதவிலக்கு நாளிலும் பெண் கருவறைக்குள் போய்த் தன் கையால் அபிஷேகம் செய்யலாம் என்று அங்கே சொன்னார்கள். வேறெங்கும் வாசலிலேயே நிறுத்தப்பட்ட பெண்கள் செவ்வாடை உடுத்திப் போனார்கள். தங்கள் தெருவில் வார வழிபாட்டு மன்றம் அமைத்தார்கள்.

ஆபத்தே இல்லை என்று நான் வாதாடவில்லை. 1978-ல் கயானா நாட்டின் ஜோன்ஸ்டவுனில் 900-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மூன்றில் ஒரு பங்கினர் குழந்தைகள். 1995-ல் ஓம் ஷின்ரிக்யோ கூட்டத்தார் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயு விட்டார்கள். அதைத் தயாரித்தவர்கள் நன்கு படித்த விஞ்ஞானிகள். எல்லாப் புது மதமும் ஏமாற்று என்று சொல்லிப் பழகிய கண்ணுக்கு, இந்தக் கூட்டங்கள் எந்த இடத்தில் தவறான வழிக்குத் திரும்பின என்பது தெரியாமலே போகிறது. ஜோன்ஸ்டவுனில் மக்களைக் காட்டுக்குள் கொண்டுபோய், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, உறவினரைப் பார்க்கவிடாமல் தடுத்தார்கள். சாமித்தோப்பு பக்தர் மாலையில் தன் வீட்டுக்குத் திரும்புகிறார். மதுவா பக்தர் தன் வயலுக்குத் திரும்புகிறார். நம் ஊரில் நாளை ஒரு புதுச் சபை தொடங்கினால், அங்கே சொல்லப்படும் அற்புதங்களை எண்ணிப் பயனில்லை. உள்ளே போன பெண் வீட்டுக்குப் போன் பேச முடிகிறதா, சம்பளம் யார் கையில் இருக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, வேண்டாம் என்று விலகியவரை அவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதைத்தான் காவல்துறையும் அக்கம்பக்கத்தாரும் விசாரிக்க வேண்டும்.