ஜீனோ கற்ற பாடம்



அறிவியல் கற்பனைத் தொடர் என்றதும் நம் பிள்ளைகள் ஆங்கிலத் தொடர்களையே நினைக்கின்றனர். தமிழிலும் அச்செல்வம் உண்டு. சுஜாதா அவர்கள் 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ பின்னர்த் தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது.

2022-ஆம் ஆண்டை ஒட்டிய இந்தியாவில் நிகழ்வது அக்கதை. ஜீவா என்பானின் சர்வாதிகார ஆட்சியில் பெயர் இரண்டெழுத்தைத் தாண்டலாகாது. அனுமதியின்றிப் பிள்ளை பெறலாகாது. நிலா என்னும் பெண்ணுக்கு ஜீனோ என்ற இயந்திர நாய் துணை நிற்கிறது. ஜீவா யார் என்ற மர்மம் வெளிப்படும் கட்டம் நம்மை இன்றும் மெய்சிலிர்க்க வைக்கிறது.

எனினும் நம் நெஞ்சில் நின்றது வேறொன்று. ஜீனோ நூல்களைப் படிக்கிறது. படித்துப் படித்துத் தானே சிந்திக்கவும் கற்கிறது.

வாளையார் முதல் மூணாறு வரை நம் இல்லங்களில் பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர். ஆனால் பலருக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. மலையாளமும் ஆங்கிலமும் கற்கட்டும். அவை வாழ்வுக்கு வேண்டும். ஆயினும் இயந்திர நாய்க்கு வாய்த்த இன்பம் நம் பிள்ளைகளுக்கு வாய்க்கலாகாதோ?

பெற்றோர்களே, நாள்தோறும் இரவில் ஓர் அத்தியாயத்தை உரக்கப் படியுங்கள். ஜீனோ இக்கட்டில் சிக்கும் இடத்தில் நூலை மூடிப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். மீதியை அறியும் ஆவலே எழுத்தைக் கற்பிக்கும்.