வானத்துக் கண்ணுக்கு உங்கள் மூக்கு தெரியாது!

டி.வி. செய்தியில் பார்த்திருப்பீர்கள். இந்தோனேஷியா மேப், அதன்மேல் அம்மை போட்ட மாதிரி சிவப்புப் புள்ளிகள். ‘சாட்டிலைட் எடுத்த படம்’ என்பார்கள். ‘அட, எவ்வளவு நெருப்பு!’ என்று சொல்லிவிட்டு அடுத்த சேனலுக்குப் போய்விடுவோம்.

சிங்கப்பூர், மலேசியாவில் மகளோ, தம்பி குடும்பமோ இருக்கிறவர்கள் அப்படிப் போக முடியாது. அந்தப் புள்ளிகளின் புகையைச் சுவாசிப்பது அவர்கள்தான்.

சுமத்ரா, கலிமந்தான் பகுதிகளில் தோட்டம் போடுவதற்காக நிலத்துக்குத் தீ வைக்கிறார்கள். மழை இல்லாத மாதங்களில் அது கட்டுக்கடங்காமல் போகிறது. காற்று புகையைக் கடல் தாண்டிக் கொண்டுவருகிறது. 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் காற்று மாசுக் குறியீடு 401! 300-ஐத் தாண்டினாலே அபாயக் கட்டம். அதற்கு முன் 1997 புகைமூட்டத்தின்போது தொட்ட உச்சமே 226 தான்.

இந்தத் தீயைக் கண்டுபிடித்துச் சொல்வதில் சாட்டிலைட் கெட்டி. தரையில் அதிக வெப்பம் கக்கும் இடங்களைப் புள்ளியாகக் காட்டும். காற்றின் திசையை வைத்து, புகை எந்தப் பக்கம் போகும் என்றும் முன்கூட்டியே கணிக்கலாம். ‘எங்க பக்கம் தீயே இல்லை’ என்று யாரும் மழுப்ப முடியாது. அதற்காக ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால், ‘இன்னிக்கு மேப்பில் புள்ளியே காணோம். பிள்ளை வெளியே விளையாடட்டும்’ என்று முடிவு கட்டலாமா? கூடவே கூடாது!

ஏன் தெரியுமா? தீயைத் தேடும் பல செயற்கைக்கோள்கள் ஓர் இடத்தைத் தாண்டுவது நாளுக்குச் சில முறைதான். அவை போன பிறகு வைத்த தீ, அந்தப் படத்தில் இருக்காது. மேகம் மூடினாலும் தீ மறைந்துவிடும். அதோடு, அங்குள்ள மண்ணே ஒரு வில்லன்! செடி, கொடி, மரமெல்லாம் ஈரத்தில் மக்கி, பல அடி ஆழத்துக்குச் சேர்ந்த மண் அது. தீப்பிடித்தால் உள்ளுக்குள்ளேயே நாள் கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே ஜுவாலை இருக்காது, புகை மட்டும் குபுகுபுவென்று வரும்.

இன்னொன்று. மேலிருந்து பார்க்கும்போது தெரிகிற புகை, ரொம்ப உயரத்திலும் போகலாம், உங்கள் ஜன்னல் மட்டத்திலும் நிற்கலாம். படத்தை மட்டும் பார்த்து அதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

எனவே, படம் எச்சரிக்கை மணி மட்டுமே. நுரையீரலுக்கு முக்கியம், தரையில் வைத்த கருவி காட்டும் ‘பி.எம். 2.5’ அளவு. நம் தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கே உள்ள துகள்கள் இவை. நுரையீரலின் அடி ஆழம் வரை போய்விடும். ஆஸ்துமாக்காரர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள் எல்லோருக்கும் இவை எதிரி. சிங்கப்பூரில் இந்த அளவை மணிக்கு மணி அறிவிக்கிறார்கள். படத்தைக் காட்டுகிற டி.வி.க்காரர்கள், கூடவே அந்த எண்ணையும், ‘யார் வெளியே போகக்கூடாது’ என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். படம் மட்டும் காட்டுவது வேடிக்கை காட்டுகிற மாதிரிதான்.

எண் ஏறினால் வீட்டில் என்ன செய்வது? கதவு, ஜன்னலைச் சாத்துங்கள். சாத்திய வீட்டுக்குள் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி வேண்டாம். வடை, பஜ்ஜிக்கும் லீவு! கைக்குட்டை இந்தத் துகள்களைத் தடுக்காது. வெளியே போயே தீர வேண்டுமானால் ‘என் 95’ மாஸ்க் போடுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு அது முகத்தில் சரியாகப் பொருந்தாது. அவர்களை வீட்டில் வைத்திருப்பதே மேல். இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மூச்சு வாங்கினால், நெஞ்சு அடைத்தால், ‘புகைதானே, சரியாயிடும்’ என்று காத்திருக்காதீர்கள். உடனே டாக்டர்!

புகை சீசனில் மகளுக்குப் போன் போட்டால், ‘சாப்பிட்டியாம்மா?’ என்பதோடு ‘இன்னிக்கு பி.எம். எவ்வளவு?’ என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.