தரை வீடு யாருக்கு முதலில்?

லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் என நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழும், வாழ்ந்த குடும்பங்களிடம் ஒரு கேள்வி.

உங்களுக்குப் புதிய வீடமைப்புத் திட்டம் வருகிறது. அதில் உங்கள் பக்கத்து வீடு, நடக்க முடியாத பிள்ளை உள்ள ஒரு குடும்பத்துக்கு. அதற்கும் அடுத்த வீட்டில் மனவளர்ச்சி குன்றிய நான்கைந்து பேர் ஒரு பராமரிப்பாளருடன் தங்கப் போகிறார்கள். இதை ஆதரித்துக் கையெழுத்துப் போடுவீர்களா? எதிர்த்துப் போடுவீர்களா?

உடனே பதில் சொல்ல வேண்டாம். முதலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டக் குடும்பத்துக்காக அலைந்தேன். தோட்டம் விற்கப்பட்டு, மலிவு விலை அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. குலுக்கலில் விழுந்தது நான்காவது மாடி. மின்தூக்கி கிடையாது. இருபது வயதைத் தாண்டிய மகனுக்கு நடக்க வராது. மருத்துவமனைக்குப் போகும் நாளில் அப்பா அவனை முதுகில் சுமந்து இறங்குவார். அவருக்கு அப்போது அறுபது வயது இருக்கும். வீட்டை மாற்றித் தரக் கேட்டோம். "குலுக்கல் எல்லாருக்கும் சமம்" என்று பதில் வந்தது.

அது கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. கீழ்வீட்டுக்காரர்களைக் கூட்டிப் பேசினோம். எல்லாரும் அதே தோட்டத்து மக்கள். "எங்களுக்கும் முட்டி வலிதான்" என்றார் ஒருவர். நியாயம். "அந்தப் பையன் ராத்திரியில் கத்துவான், கீழே வேண்டாம்" என்றார் இன்னொருவர். அன்று வீடு திரும்பும்போது மனம் கனத்தது.

ஏனென்றால் தோட்டத்தில் நாம் இப்படி இல்லை. பால்மரத்துக்குப் போகும் தாய் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவாள். பேச்சு வராத பிள்ளையையும் ஆயா சேர்த்துத்தான் பார்த்துக்கொள்வார். கோயில் திடலில் அவன் உட்கார்ந்திருந்தால் யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லாருக்கும் தெரியும். அதே தோட்டத்தில் அவனைக் கேலி பேசியவர்களும் உண்டு, விருந்தாளி வந்தால் உள்ளே பூட்டி வைத்த வீடும் உண்டு. மறைக்க வேண்டாம். ஆனாலும் அவனுக்கு வாசல் இருந்தது. மாடிக்குப் போனதும் அந்த வாசல் போய்விட்டது.

டிங்கில் கதை நமக்குத் தெரியும். புத்ராஜெயா கட்டுவதற்காக 1990களில் பெராங் பெசார், கேலவே, செட்ஜ்லி, மெடிங்லி தோட்ட மக்கள் வெளியேற்றப்பட்டு அடுக்குமாடியில் வைக்கப்பட்டார்கள். தரை வீடு கேட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடினார்கள். "இங்கே உனக்கு இடமில்லை" என்று கேட்டே பழகியவர்கள் நாம். அதே வார்த்தையை நம்மில் பலவீனமானவனிடம் நாமே சொல்லலாமா?

"நமக்கே வீடு இல்லை, அவர்களுக்குத் தனி ஒதுக்கீடா?" என்று கேட்பீர்கள். அவர்கள் யார்? 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு. இனிப்பு நீர் முற்றிக் கால் எடுக்கப்பட்டவர் உங்கள் சொந்தத்தில் இல்லையா? பக்கவாதத்தில் விழுந்தவர் இல்லையா? இன்று பக்கத்து வீட்டுக்காரனுக்காகப் போடும் சாய்தளம் நாளை உங்களுக்குத் தேவைப்படலாம்.

இனி சட்டம். உடற்பேறு குறைந்தோர் சட்டம் 2008-இல் வந்தது. 2010-இல் மலேசியா ஐ.நா.வின் உடற்பேறு குறைந்தோர் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதன் 19-ஆம் விதி, எங்கே, யாருடன் வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்கிறது. 28-ஆம் விதி பொது வீடமைப்புத் திட்டங்களில் இடம் தரச் சொல்கிறது. ஆனால் 2008 சட்டத்தில் தண்டனைப் பிரிவு இல்லை. மீறினால் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடவும் 41, 42-ஆம் பிரிவுகள் தடையாக நிற்கின்றன. எனவே நீதிமன்றத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1976 நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் அனுமதிக்கு விண்ணப்பம் வந்தால், அண்டை நிலத்தின் பதிவு பெற்ற உரிமையாளர்களுக்கு அறிவிப்புப் போகும். 21 நாட்களுக்குள் அவர்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். தோட்டத்து வீட்டில் குடியிருக்கும் உங்கள் பெயரில் நிலப் பட்டா இல்லை. அந்தக் கடிதம் உங்களுக்கு வராது. எதிர்ப்பவர் குரல் கோப்பில் ஏறும். ஆதரிக்கும் உங்கள் குரலை நீங்களாகத்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அதற்குச் செய்ய வேண்டியவை:

1. தோட்டத்தில் கூட்டம் போட்டு, வீட்டுக்கு வீடு உடற்பேறு குறைந்தோர், படுத்த படுக்கையானோர், முதியோர் பட்டியல் எடுங்கள். ஓ.கே.யு. அட்டை இல்லாதவருக்குச் சமூக நல இலாகாவில் விண்ணப்பித்துக் கொடுங்கள். அட்டை இல்லாவிட்டால் அரசாங்கக் கணக்கில் அவர் இல்லை.

2. குலுக்கலுக்கு முன்பே அவர்களுக்குத் தரை வீடு ஒதுக்கும்படி கேளுங்கள். மீதி வீடுகளுக்குத்தான் குலுக்கல்.

3. வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம், சக்கர நாற்காலி நுழையும் வாசல், அது திரும்பும் அளவுக்குக் கழிவறை. காகிதத்தில் மாற்றினால் செலவு சொற்பம். சிமெண்டு போட்ட பிறகு சாக்குதான் கிடைக்கும்.

4. பராமரிப்பு இல்லம் வருவதென்றால் ஆதரவுக் கடிதம் எழுதி, குடும்பம் குடும்பமாகக் கையெழுத்திட்டு, உள்ளூராட்சி மன்றத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் நேரில் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

அந்த அப்பா இப்போது இல்லை. மகன் நான்காவது மாடியில்தான் இருக்கிறான். அவனைச் சுமக்க ஆளில்லை. அம்மா ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார். அவன் கீழே பார்க்கிறான்.

அடுத்த திட்டம் உங்கள் தோட்டத்துக்கு வரலாம். மலேசியா விஷன் வேலி 2.0 திட்டம் சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களைத் தழுவி வரையப்பட்டது. நிலம் கைமாறும். வீட்டுப் பட்டியல் எழுதப்படும். அந்தப் பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்பதை இப்போதே கூடிப் பேசி முடிவு செய்யுங்கள்.